பாம்பன் வீட்டு கேட்: உப்பை எடுத்துட்டுத்தான் பெயிண்ட்

எங்க வீடு பாம்பன்ல வடகடல் பக்கம், வாசல்ல இருந்து ரெண்டு நிமிஷம் நடந்தா கடல். 1988ல அத்தா வீடு கட்டினப்ப பட்டறையில சொல்லி அடிச்ச இரும்பு கேட் இன்னும் நிக்குது, ரெண்டு கதவு, மேல சதுரக் கம்பியும் சுருளும், கீழ் பாதி தகடு. வருஷா வருஷம் பெருநாளுக்கு முன்னாடி எமரி போட்டுத் தேச்சு ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, எனாமல் ஒரு கோட்டு அடிப்போம், பாக்க புதுசாட்டம் இருக்கும், ஆறு மாசத்துல தகட்டு ஓரமெல்லாம் கொப்புளம். குத்திப் பாத்தா உள்ள தண்ணி, தண்ணிக்கு அடியில கறுப்புத் துரு. நான் ரொம்ப நாளா பெயிண்ட் கம்பெனியைத்தான் மாத்திக்கிட்டே இருந்தேன். இந்த வருஷம்தான் தப்பு பெயிண்ட்ல இல்ல, அதுக்கு அடியில நாங்க விட்டு வைக்கிற உப்புலன்னு அளந்தே பாத்தேன், அதைத்தான் எழுதுறேன்.

பழைய இரும்பைச் சரி பண்றது எனக்கு சில வருஷமா இருக்கிற பழக்கம். பெஞ்ச் வைஸ், தையல் மெஷின் ஸ்டாண்டு, ஒரு சைக்கிள் முடிச்சிருக்கேன். கேட் அளவுக்குப் பெரிசா எதுவும் தொட்டதில்ல. மீன்பிடித் தடைக்காலம் வரட்டும்னு காத்திருந்தேன், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில நிக்கும், ஊரே படகு சுரண்டி பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருக்கும், சாமானும் ஆளும் கைக்கெட்டுற தூரத்துல கிடைக்கும்.

முதல் வாரம், பழைய பெயிண்ட்

கிரைண்டரை எடுத்துப் போடலாம்னுதான் கை போச்சு, ஆனா அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்குக்கு) மேல கூடாதுங்கிற விதி நம்ம நாட்டுல நடைமுறைக்கு வந்ததே 2017 கடைசியிலதான், எங்க கேட்டு மேல அதுக்கு முந்தின கோட்டுங்களே இருபதுக்கு மேல இருக்கும். உலர்வா அரைச்சா அந்தத் தூசு வாசல்ல படியும், அங்கதான் அக்கா பிள்ளைங்க விளையாடுதுங்க. அதனால ரிமூவர் ஜெல்லைத் தடவி, ஊறவிட்டு, பட்டையால வழிச்சு எடுத்தேன், கீழ தார்ப்பாய் விரிச்சு எல்லாத்தையும் ஒரு டப்பாவுல கட்டினேன். திறந்த வெளியில நின்னு, தடிமனான ரப்பர் கிளவுஸ் போட்டுத்தான் செய்யணும், ரூமுக்குள்ள அந்த ஜெல்லைத் திறக்கவே கூடாது, ஆளை மயக்கிப் போட்டுரும். நாலு நாள் ஆச்சு. பொறுமை வேணும், ஆனா குழந்தைங்க இருக்கிற வீட்டுல வேற வழி எனக்குத் தெரியல.

வெல்டு ஓரத்துல மிச்சம் இருந்ததுக்கு மட்டும் தண்ணி தெளிச்சுக்கிட்டு கையாலேயே பிரஷ் போட்டேன். கிரைண்டர்ல கப் பிரஷ் மாட்டினது அப்புறம் வெறும் துருவுக்குத்தான். அதுலயும் ஒரு கம்பி பிச்சுக்கிட்டு வந்து சட்டையில தச்சு நின்னுச்சு, கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டிருந்தவன் அன்னைக்கே முழு ஃபேஸ் ஷீல்டு வாங்கிட்டேன். கைலியோட கிரைண்டர் பிடிக்கக் கூடாதுன்னு அத்தா சின்ன வயசுலயே சொல்லுவாங்க, பேண்ட்டு, காட்டன் முழுக்கை சட்டை, ஷூ, அவ்வளவுதான்.

உப்பை அளந்தது

பிரஷ் போட்டதும் இரும்பு பளபளன்னு ஆயிருச்சு. ஏமாத்துறதே அந்தப் பளபளப்புதான். துருக் குழிக்குள்ள குளோரைடு, அதாவது கடல் உப்பு, உக்காந்திருக்கும், கம்பி பிரஷ் அதுக்கு மேல துருவைத் தேச்சு மெழுகிட்டுப் போயிரும். அப்புறம் பெயிண்ட் அடிச்சா அந்த உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை பெயிண்ட் படலம் வழியாவே உள்ள இழுக்கும், கொப்புளம் அப்படித்தான் வருது.

இதை அளக்க தொழில்ல பிரெஸ்லே டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, சின்ன பேட்ச் ஒட்டி ஊசியால சுத்தத் தண்ணி ஏத்தி இறக்கி, அந்தத் தண்ணியில கரண்ட் எவ்வளவு பாயுதுன்னு பாப்பாங்க. என்கிட்ட அது இல்ல, தண்ணியில உப்பு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு பிபிஎம்ல காட்டுற டிடிஎஸ் மீட்டர்தான் இருக்கு. பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் 100 மில்லி எடுத்தேன், கிளவுஸ் போட்டுக்கிட்டு மெடிக்கல் பஞ்சை அதுல நனைச்சு, தகட்டுல 15 செ.மீ.க்கு 15 செ.மீ. கட்டத்தை நல்லாத் துடைச்சு, பஞ்சை அதே தண்ணியில பிழிஞ்சு, மீட்டரை வச்சேன். தகட்டைத் தொடாம வெறும் பஞ்சை மட்டும் நனைச்சுப் பாத்தா 3 காட்டுச்சு, அதை எப்பவும் கழிச்சுக்கணும். தகட்டுல துடைச்சது 43. கழிச்சா 40 பிபிஎம், 100 மில்லியில 4 மில்லிகிராம், கட்டத்தோட பரப்பு 0.0225 சதுர மீட்டர், வகுத்தா சதுர மீட்டருக்கு சுமார் 178 மில்லிகிராம். கப்பல் பேலஸ்ட் டேங்குக்கு (கப்பல் நிலையா நிக்க கடல் தண்ணி நிரப்புற தொட்டி) பெயிண்ட் அடிக்கிறப்ப 50க்கு மேல போகக் கூடாதுன்னு சர்வதேச விதியே இருக்கு. எங்க கேட்டுல மூணு மடங்குக்கு மேல. என் முறை தோராயம்தான், பஞ்சு எல்லாத்தையும் எடுக்காது, அப்படின்னா நெசம் இதை விடக் கூடத்தான் இருக்கும்.

சரி கழுவலாம்னு போர் மோட்டாரைப் போட்டு பிரஷர் வாஷர்ல அரை மணி நேரம் அடிச்சேன். காஞ்சதும் துடைச்சுப் பாத்தா 58! ஒரு நிமிஷம் மீட்டர் கெட்டுப் போச்சுன்னே நெனச்சேன், அப்புறம் போர் தண்ணிக்குள்ளயே மீட்டரை வச்சா 2800. உப்பைக் கழுவுறேன்னு உப்புத் தண்ணியைத்தான் ஊத்தியிருக்கேன். கடலோரத்துல இருக்கிறவங்க இந்த ஒரு இடத்தை மட்டுமாவது மனசுல வச்சுக்கங்க. மறுநாள் குழாய்ல காவிரித் தண்ணி வந்தப்ப ரெண்டு டிரம் பிடிச்சு வச்சு (அது 310 காட்டுச்சு), அதுல கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ கேன் ஒண்ணு. குடிக்கிற தண்ணியை இரும்புல ஊத்துறியேன்னு அம்மா கோவிச்சுக்கிட்டாங்க, அவங்க குடம் தூக்கின காலத்தை நெனச்சா அந்தக் கோவம் நியாயம்தான், டிரம்முக்கு மேல ஒரு சொட்டு எடுக்கல. ரீடிங் 18 வந்துச்சு, கணக்குப் போட்டா 67. இன்னும் பத்தாது, குழிக்குள்ள இருக்கிறது வரணும், அதுக்கு பிளாஸ்டிங்தான், காத்து அழுத்தத்துல பொடித் துகளை இரும்பு மேல வேகமா அடிச்சுச் சுரண்டுறது.

பிளாஸ்டிங்

முதல்ல என் 2 எச்பி கம்ப்ரஸர்ல உறிஞ்சு கன் மாட்டிப் பாத்தேன், பத்து செகண்டுல பிரஷர் விழுந்துருது. 3 மி.மீ. நாசிலுக்கே 100 பிஎஸ்ஐ நிக்கணும்னா நிமிஷத்துக்கு 20 கன அடி காத்து கிட்ட வேணும். அதனால கேட்டைக் கழட்டி மினி வேன்ல ஏத்தி ராமநாதபுரத்துல பட்டறை வச்சிருக்கிற மாமாகிட்ட கொண்டு போனேன், அவர்கிட்ட 7.5 எச்பியும் துகளை அழுத்தத்துல தள்ளுற பழைய பிரஷர் பாட்டும் இருக்கு.

கடல் மணலை சலிச்சுப் போட்டா காசே ஆகாதேன்னு பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டாரு. அதுல உப்பு இருக்கு, அது போக மணல் முக்காலும் சிலிகா. அடிபட்டு உடையிற சிலிகாத் தூசு நுரையீரல்ல போய் உக்காந்தா திரும்பி வராது, சிலிகோசிஸ்க்கு மருந்து கிடையாது. பிரிட்டன்ல மணலை வச்சு பிளாஸ்ட் பண்றதை 1949லேயே சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க. நான் கார்னெட்ங்கிற கனிமத் துகள் 25 கிலோ மூட்டை நாலு எடுத்தேன், சல்லடை அளவு 30/60 மெஷ், கருஞ்சிவப்பா இருக்கும், தூத்துக்குடி பக்கம் தேரி மணல் பாத்தவங்களுக்கு நிறம் புரியும்.

கார்னெட்டா இருந்தாலும் கர்ச்சீப் கட்டிக்கிட்டு நிக்கிற வேலை இல்ல இது, பறக்கிறதுல எங்க பழைய துருவும் மிச்சப் பெயிண்ட்டும் இருக்கு. மாமாகிட்ட காத்து வர்ற ஹூட் இருக்கு, மூச்சுக் காத்துக்குத் தனி ஃபில்டர். கைப்பிடியை விட்டா தானா நிக்கிற டெட்மேன் வால்வு வேலை செய்யுதான்னு மூணு தடவை விட்டுப் பாத்தோம். ஹோஸ் ஜாயின்ட்ல லாக் பின் இல்லாம இருந்துச்சு, அதை மாட்டி, மேல பாதுகாப்புக் கயிறும் போட்ட பிறகுதான் காத்தைத் திறக்க விட்டாரு. 100 பிஎஸ்ஐல கழண்ட ஹோஸ் பாம்பு மாதிரி அடிக்கும், காலை உடைச்சிரும். சுத்தி தார்ப்பாய் கட்டி, டீ கொண்டு வர்ற பையனைக் கூட உள்ள விடல.

தகடு மெலிசு, நேரா அடிச்சா நெளிஞ்சிரும், அதனால தள்ளி நின்னு சாய்வா அடிச்சேன். சுத்தமான இரும்போட சாம்பல் நிறம் வர வர எனக்கு நிறுத்தவே மனசு இல்ல. பிளாஸ்ட் பண்ணின இரும்போட சுத்தத்துக்கு ஒரு தர அளவு உண்டு, அதுல முழு வெள்ளைக்கு ஒரு படி கீழ, எஸ்ஏ இரண்டரைன்னு சொல்றது, தோராயமா அங்க வந்துச்சு.

இப்ப முக்கியமான விஷயம். அன்னைக்கே பிரைமர் அடிக்கல. ராத்திரி அப்படியே விட்டோம். காலையில பாத்தா மொத்தத் தகடும் லேசா மஞ்சள் பூத்திருக்கு, நடுநடுவுல மட்டும் கடுகு சைஸ்ல கறுத்த புள்ளி, சில புள்ளியில வேர்வை மாதிரி ஈரம். அந்தப் புள்ளிங்கதான் உப்பு இருக்கிற குழி, தானே தன்னைக் காட்டிக் குடுத்துருச்சு. ஆர்ஓ தண்ணியில அந்த இடமெல்லாம் நைலான் பிரஷ் போட்டுத் தேச்சு, காத்தடிச்சு காயவச்சு, மறுபடி லேசா ஒரு பிளாஸ்ட். ரீடிங் 6. கழிச்சா 3, சதுர மீட்டருக்கு 13 மில்லிகிராம். மாமா இருபது வருஷமா இந்த வேலை பாக்கிறாரு, மீட்டரை வாங்கி அவரே இன்னொரு இடத்துல துடைச்சுப் பாத்தாரு.

பெயிண்ட்

பனிக்கணக்கு ஒண்ணு உண்டு, இரும்போட சூடு பனிநிலையை (காத்துல இருக்கிற ஈரம் பனியா படிய ஆரம்பிக்கிற சூட்டை) விட 3 டிகிரியாவது கூட இருக்கணும், காத்து ஈரம் 85 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். காலை ஆறரைக்கு 28 டிகிரி, 88 சதவீதம், பனிநிலை 26 கிட்ட, தகடு 26.5, கையை வச்சா சில்லுன்னு. பத்தரைக்கு 32 டிகிரி, 65 சதவீதம், பனிநிலை 24.6, தகடு 35. அப்ப ஆரம்பிச்சோம். எங்க ஊர்ல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அடிச்சிரணும்னு விடியக்காலையில பெயிண்ட் அடிப்பாங்க, பனி படியிற எல்லைக்குப் பக்கத்துல இருக்கிற இரும்பு மேலதான் அடிக்கிறாங்க.

ஜிங்க் எப்பாக்சி பிரைமர், ரெண்டு டப்பா கலக்கிறது. ஜிங்க் அடியில படிஞ்சிரும், கலக்கிக்கிட்டே இருக்கணும். ஓரம், வெல்டு, சுருள் உள்பக்கத்துக்கெல்லாம் முதல்ல சின்ன பிரஷ்ல தனிக் கோட்டு, ஏன்னா கூரான ஓரத்துல பெயிண்ட் நிக்காம பின்வாங்கிரும். அப்புறம் எப்பாக்சி ரெண்டு கோட்டு, வெயில்ல எப்பாக்சி சுண்ணாம்பா உதிரும்ங்கிறதால மேல பியூ (பாலியூரிதேன்) ஒரு கோட்டு. பியூ ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, ஸ்ப்ரே பண்ணினா ஆஸ்துமா வரைக்கும் கொண்டு விடும், அதனால பிரஷ்தான். கொஞ்சம் பிரஷ் தடம் தெரியுது, பரவாயில்ல.

புது பாம்பன் ரயில் பாலத்துக்கு துருவைத் தடுக்க பாலிசிலாக்சேன்ங்கிற பூச்சு பூசியிருக்காங்க. 1914ல திறந்த பழைய பாலத்துல துருவாலதான் 2022 டிசம்பரோட ரயில் நின்னுச்சு. காரைக்குடியில இருக்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மண்டபத்துல அரிமான ஆராய்ச்சி நிலையமே வச்சிருக்கு, நம்ம காத்து அப்படி.

இப்ப நிலவரம்

ஜூன் முதல் வாரம் மாட்டினது. கச்சான் காத்து முழுசும் தாங்கி, வாடையும் ஆரம்பிச்சு, இன்னைக்கு டிசம்பர் 14. தகட்டுல ஒரு கொப்புளம் கூட இல்ல, விரல் வச்சுத் தடவித் தடவிப் பாத்தேன். இடது பக்கம் கீழ் கீல்ல மட்டும் பழுப்பா ஒரு கோடு இறங்குது. அந்த வாஷர் கழட்ட வரலைன்னு அப்படியே வச்சு பிளாஸ்ட் பண்ணினோம், அதுக்கு அடியில மீட்டர் வைக்கல. ஞாயித்துக்கிழமை அதை வெட்டி எடுத்து, அந்த இடத்தைத் துடைச்சு ரீடிங் பாக்கணும், ஆர்ஓ கேன் ஒண்ணு தனியா சொல்லி வச்சிருக்கேன்.