பச்சையன் இரை தொடாத 32 நாள்கள்

சிட்னியில் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளரும் பச்சை மரத்தவளைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பச்சையன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்நாட்டுத் தவளையை வீட்டில் வளர்ப்பதற்கு உரிமம் வேண்டும், வெளியிலிருந்து பிடித்து வரவும் கூடாது என்பதால், உரிமம் பெற்ற ஒரு வளர்ப்பாளரிடமிருந்து 2019ஆம் ஆண்டு அவனை முறைப்படி வாங்கி வந்தோம். அன்று முதல் இரை விஷயத்தில் அவன் எங்களைச் சிரமப்படுத்தியதே இல்லை. வாரத்துக்கு மூன்று முறை, இரவு விளக்கணைத்த பின் இடுக்கியில் ஒரு சுவர்க்கோழிப் பூச்சியைப் பிடித்து நீட்டினால், கண்ணிரண்டையும் உள்ளுக்கிழுத்து, விழியின் அழுத்தத்தின் உதவியோடு இரையைத் தொண்டைக்குள் தள்ளி விழுங்கிவிட்டு, அடுத்தது எங்கே என்பதுபோல் பார்ப்பான். அப்படிப்பட்டவன் 2022 ஜூன் 2ஆம் தேதி, இங்கே குளிர்காலம் தொடங்கும் வேளையில், இரண்டு பூச்சிகளைத் தின்றதோடு வாயை மூடிக்கொண்டான்.

முதல் வாரம் நான் பொருட்படுத்தவில்லை. வளர்ந்த தவளை சில நாள்கள் தின்னாமல் இருப்பது புதிதல்ல; தோலுரிக்கும் நாளில் தின்னாது, குளிர்காலத்தில் குறைவாகத் தின்னும். பத்து நாள்களைத் தாண்டிய பிறகுதான் மனத்தில் உறுத்தல் தொடங்கியது. உடனே நான் செய்தது, இப்போது நினைத்தால் எனக்கே கோபம் வருகிற காரியம்: இரையை மாற்றத் தொடங்கினேன். சுவர்க்கோழி வேண்டாமென்றால் மரக்கரப்பான், அதுவும் வேண்டாமென்றால் பட்டுப்புழு, பிறகு மண்புழு என்று கடைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். சோறு தின்னாத பிள்ளைக்குத் தோசை வார்த்துப் பார்க்கும் வழக்கம் அது. தவளைக்கும் அதையே செய்துகொண்டிருந்தேன். ஓரிரவு மூன்று பூச்சிகளைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவைத்தேன். காலையில் அவற்றுள் ஒன்று அவன் பின்னங்காலின் மேல் ஏறி நின்று தோலைக் கடித்துக்கொண்டிருந்தது. பசித்த சுவர்க்கோழி, அசையாமல் கிடக்கும் தவளையைக் கடிக்கும் என்று படித்திருந்தும் அந்தத் தவற்றைச் செய்தேன்.

இதற்கிடையே அவன் நிறமும் மாறியிருந்தது. இந்த இனத்துக்கு 1790ஆம் ஆண்டு பெயர் சூட்டியவர், முதல் குடியேற்றக் கப்பல்களோடு வந்த அறுவை மருத்துவர் ஜான் வைட். அவர் வைத்த ‘செருலியா’ என்ற பெயருக்கு நீலம் என்று பொருள். பதப்படுத்தும் திரவத்தில் மஞ்சள் நிறமி கரைந்துபோய், அவர் கையிலிருந்த தவளை நீலமாகத் தெரிந்திருக்கலாம் என்பார்கள். எங்கள் பச்சையன் பச்சையுமில்லை, நீலமுமில்லை, ஈரச் சாக்கின் பழுப்பில் தொட்டியின் பின்மூலையில் ஒட்டிக்கிடந்தான். குளிர்ந்தால் இந்தத் தவளை கருத்துப் பழுப்பாகும் என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் தொட்டியில் ஒட்டியிருந்த வெப்பமானி 26 டிகிரி காட்டிக்கொண்டிருந்ததால், குளிர் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை.

எனக்கிருந்த அச்சம் வேறு. முந்தைய ஆண்டு, 2021 குளிர்காலத்தில், கிழக்கு ஆஸ்திரேலியா எங்கும் தவளைகள் மெலிந்து, பட்டப்பகலில் வெட்டவெளிக்கு வந்து செத்துக் கிடந்தன. ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் பொதுமக்களிடம் தகவல் கேட்டபோது வந்து குவிந்த செய்திகளில் பச்சை மரத்தவளையே அதிகம். கிட்ரிட் என்னும் பூஞ்சை அந்த மரணங்களில் முக்கியப் பங்கு வகித்ததாக ஆய்வாளர்கள் கருதினார்கள். தவளை தோலின் வழியாகத்தான் நீரை எடுத்துக்கொள்கிறது, உப்புகளின் அளவைக் காத்துக்கொள்கிறது; அந்தத் தோலையே இந்தப் பூஞ்சை தாக்குவதால் கடைசியில் இதயம் நின்றுபோகிறது. இரையைத் தொடாமல் சோர்ந்து கிடப்பதும் அதன் அறிகுறிகளில் ஒன்று. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய அம்மா, “நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்வாங்க, உன் வீட்டு நுணல் வாயைத் திறக்காமலே கெடப் போகுதா?” என்று கேட்டார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

ஜூன் 22ஆம் தேதி, பல்லி, ஆமை, தவளை போன்றவற்றைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் முன்பதிவு கிடைத்தது. துளையிட்ட நெகிழிப் பெட்டியில் நனைத்த காகிதத் துண்டை விரித்து, அதன்மேல் அவனை வைத்து எடுத்துச் சென்றேன். ஏப்ரலில் எங்கள் சமையலறைத் தராசில் 41 கிராம் இருந்தவன், அங்கே 33 கிராம் இருந்தான். எடையை மாதந்தோறும் குறித்துவைக்கும் பழக்கம் ஒன்றுதான் அன்று நான் நல்ல பெயர் வாங்கிய இடம். மருத்துவர் மாவுப்பூச்சு இல்லாத கையுறையை நீரில் நனைத்து அணிந்துகொண்டு, வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தார். தவளை இரையோடு சேர்த்துச் சரளைக்கல்லையும் விழுங்கி அடைத்துக்கொள்வது உண்டு. எங்கள் தொட்டியின் தரையில் இருப்பது இவன் வாய்க்குள் போகாத பெரிய உருளைக் கற்கள் என்றதும் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. வாயைத் திறந்து பார்த்ததில் புண் இல்லை. பஞ்சுக்குச்சியால் வயிற்றின் அடிப்பகுதி, தொடை, விரலிடுக்கு ஆகியவற்றில் பல முறை தேய்த்துக் கிட்ரிட் சோதனைக்கு அனுப்பினார். வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் உட்காரவைத்தபோது பட்டாணி அளவில் கழிவு வெளிவந்தது. நுண்ணோக்கியில் அதில் சில உருளைப்புழு முட்டைகள் தென்பட்டன. ஆனால் உடம்பு தேறும்வரை புழு மருந்து வேண்டாம் என்றார்.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: “அது உட்காரும் இடத்தில் என்ன வெப்பம்?” தொட்டியில் 26 என்றேன். “தொட்டியில் இல்லை, அது உட்காரும் இடத்தில்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும், பிட்சா அடுப்புக்காக வாங்கிவைத்திருந்த, தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்துப் பின்மூலைக் கண்ணாடியில் காட்டினேன். 16 டிகிரி. இரவு 11 மணிக்கு மறுபடி பார்த்தபோது 14. குனிந்து பார்த்தபோதுதான் காரணம் புலப்பட்டது. மே கடைசி ஞாயிறன்று தொட்டியைக் கழுவியபோது, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை எடுத்து வெளியே வைத்த நான், திரும்பப் பொருத்தும்போது அதை நடுச்சுவரில் ஒட்டாமல், தொட்டியைச் சூடாக்கும் மின்சார வெப்ப விரிப்பின் மேலேயே சாய்த்துவிட்டிருந்தேன். விரிப்பு சில நிமிடங்களில் சூடேறும், முனை 26 என்று உணரும், மின்சாரம் நின்றுவிடும், மீதித் தொட்டி குளிர்ந்தபடியே கிடக்கும். நான் நம்பிய வட்ட வெப்பமானியும் அதே விரிப்புக்கு ஒரு சாண் மேலேதான் ஒட்டியிருந்தது. தவளையின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பின்பற்றுவது; 15 டிகிரியில் செரிமானம் ஏறக்குறைய நின்றுபோகிறது. அந்த நிலையில் இரையை வலியத் திணித்திருந்தால் அது வயிற்றிலேயே அழுகியிருக்கும் என்று மருத்துவர் பிறகு சொன்னபோது, அட்டைத் துண்டால் வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா என்று இரண்டு நாள்களுக்கு முன் நான் யோசித்தது நினைவுக்கு வந்து உடல் சிலிர்த்தது.

உணர்முனையை நடுச்சுவரில் சிலிக்கோன் பசையால் ஒட்டினேன். ஒரே நாளில் சூட்டை ஏற்றாமல், நாளுக்கு இரண்டு மூன்று டிகிரியாக ஏற்றிப் பகலில் 27, இரவில் 22 என்று நிறுத்தினேன். மருத்துவர் சொன்னபடி முதல் நான்கு நாள்களுக்கு இரையே காட்டவில்லை. அதற்குப் பதிலாக நாளும் 20 நிமிடம், முகவாய்க்கு எட்டாத ஆழத்தில் வெதுவெதுப்பான நீரில் அவனை உட்காரவைத்தேன். எங்கள் குழாய்நீரில் எளிதில் ஆவியாகாத குளோரமின் என்ற கிருமிகொல்லி கலந்திருப்பதால் ஒருநாள் திறந்துவைத்தால் போதாது. மீன்தொட்டிக்குப் பயன்படுத்தும் நீர்த்திருத்தியை ஊற்றிய பிறகே அவனை இறக்கினேன். அந்த நீரில் உட்கார்ந்திருக்கும்போது அவன் தொண்டை துடிப்பதை எண்ணுவது என் வேலையாகிவிட்டது.

27ஆம் தேதி கிட்ரிட் இல்லை என்ற முடிவு வந்தது. அன்றிரவு காட்டிய மண்புழுவை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. 30ஆம் தேதி பார்த்தான். தலையைச் சாய்த்து, ஓரடி முன்வைத்து, பிறகு மனம் மாறி மூலைக்கே போனான். ஆனால் முதுகில் பச்சை திரும்பியிருந்தது. ஜூலை 4ஆம் தேதி இரவு, அரைவிரல் நீள மண்புழுத் துண்டை இடுக்கியில் பிடித்து மூக்குக்கு எதிரே ஆட்டினேன். தவளைக்கு அசையாதது இரையே அல்ல. மூன்றாவது அசைவில் நாக்கு வந்தது. புழுவோடு இடுக்கியின் நுனியையும் கவ்விக்கொண்டு விடாமல் இழுத்தான். கைகளால் வாய்க்குள் அள்ளித் திணித்து, கண்களை உள்ளுக்கு இழுத்தான். நான் மூச்சுவிடாமல் நின்றிருந்தேன்.

வயிறு நிறையக் கொடுத்துவிடும் ஆசையை அடக்குவதுதான் அதன்பின் கடினமாக இருந்தது. மூன்று நாள்களுக்கு ஒன்று, பிறகு இரண்டு எனக் கால்சியப் பொடி தூவிய சிறு பூச்சிகளாகவே கொடுத்தேன். ஜூலை 9ஆம் தேதி கற்களின் நடுவே கிடந்த நல்ல கெட்டிக் கழிவைப் பிள்ளைகள் கண்டுபிடித்து, கூச்சலிட்டு, என்னை அலுவலக அழைப்பின் நடுவிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஆகஸ்ட் கடைசியில் 38 கிராம் ஆனபோது மறுபடி கழிவைச் சோதித்துப் புழு மருந்தும் கொடுத்து முடித்தோம். இப்போது அகச்சிவப்பு வெப்பமானி பிட்சா அடுப்பின் பக்கம் போவதில்லை. தொட்டியருகே ஆணியில் தொங்குகிறது. தினம் இரவு அவன் உட்காரும் மூலையில் அதைக் காட்டி, வரும் எண்ணை எடைக்குறிப்பேட்டில் எழுதிவைக்கிறேன்.