நத்தையின் ரகமா, அது தின்ற இலையா?

பயோம்ஃபலேரியா கிளப்ரேட்டா என்ற நன்னீர் நத்தையில் ஆய்வுக்கூட ரகங்கள் பல உண்டு. என்.எம்.ஆர்.ஐ. என்ற வெளிறிய ரகத்தில் சிஸ்டோசோமா மான்சோனி என்ற ஒட்டுண்ணிப் புழு எளிதில் குடியேறும். பிரேசிலிலிருந்து வந்த பி.எஸ்-90 அதற்கு இடங்கொடுக்காது. இரண்டின் கொழுப்பு அமிலங்களையும் ஒப்பிட எவருக்கும் ஆசை வரும். கிடைக்கிற வேறுபாட்டில் ரகத்தால் வந்தது எவ்வளவு, தொட்டியால் வந்தது எவ்வளவு என்று பிரிப்பதுதான் பாடு.

முதல் சந்தேகம் தீனிமேல். லெட்டூஸ் இலைக் கொழுப்பில் லினோலெனிக் அமிலமே (18:3; முதல் எண் கார்பன்கள், அடுத்தது இரட்டைப் பிணைப்புகள்) அதிகம். மீன் தீவனத்தில் 20:5, 22:6 இரண்டும் இருக்கும். நாம் அளக்கும் செரிமானச் சுரப்பி, தின்றதன் சாயலிலேயே கொழுப்பைச் சேமித்து வைக்கும். வாயு குரோமட்டோகிராஃபி தரும் வரைபடத்தில் (குரோமட்டோகிராம்) 22:6-இன் முகடு, அதாவது பீக், பெரிதாக எழுந்தால், ரகத்தைப் பேசுமுன் அந்தத் தொட்டியில் யார் தீவனம் போட்டார் என்று விசாரிக்கலாம். தீனி, நீரின் வெப்பம், ஓட்டின் விட்டம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். நீர் குளிர்ந்தாலே சவ்வுகளில் நிறைவுறா அமிலங்கள் கூடும். ஒரே தொட்டியில் எடுத்த பத்து நத்தைகள் பத்து மாதிரிகள் ஆகாது. குளத்தில் பிடித்தவை என்றால், புழுவின் இளநிலைகள் உள்ளனவா என்று நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும்.

ஓட்டை மெல்ல நொறுக்கி, பனிக்கட்டிமேல் வைத்தே சுரப்பியைப் பிரித்தெடுக்கவும். 100 மி.கி. திசுவுக்கு 2 மி.லி. குளோரோஃபார்ம்–மெத்தனால் (2:1), அதில் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்கும் பி.எச்.டி. (BHT) 0.01%. அரைத்து வடிகட்டியபின் 0.4 மி.லி. 0.88% பொட்டாசியம் குளோரைடு கரைசல் சேர்த்துக் கலக்கி, கீழடுக்கை எடுத்து நைட்ரஜனில் உலர்த்த வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடவே கூடாது. குளோரோஃபார்ம் அதிலிருந்து இழுத்து வருபவை குரோமட்டோகிராமில் பீக்குகளாக நிற்கும். கண்ணாடிக் குழாய், டெஃப்லான் பதித்த மூடி; ஒவ்வொரு தொகுதிக்கும் திசு இல்லாமல் அதே படிகளில் ஓட்டும் ஒரு வெற்று மாதிரி (பிளாங்க்).

கொழுப்பு அமிலங்களை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டராக்கும் கட்டத்தில்தான் சத்தமில்லாமல் கெடுகிறது. 14% போரான் டிரைஃப்ளோரைடு–மெத்தனாலில் சவ்வுக் கொழுப்புகளான பாஸ்போலிப்பிடுகள் 100 டிகிரியில் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். சேமிப்புக் கொழுப்பான டிரைகிளிசரைடோ மெத்தனாலில் சரியாகக் கரையாது. டொலுயீன் சேர்த்து 30 நிமிடமாவது வைக்காவிட்டால் அதில் பாதி எஸ்டராகாமலே விட்டுப்போகும். கொழுத்த ரகமும் மெலிந்த ரகமும் ஒன்றுபோலத் தெரியும். பழைய வினைப்பொருள் நிறைவுறா அமிலங்களையே கெடுத்துவிடும் என்பதால், திறந்த தேதியைக் குப்பிமேல் எழுதி வைப்பது நல்லது.

அடுத்த பொறி உள் தரப்பொருள், அதாவது ஒப்பிட்டு அளக்கத் தெரிந்த அளவில் சேர்க்கும் கொழுப்பு அமிலம். பலரும் வழக்கத்தில் 17:0 சேர்ப்பார்கள். நத்தையில் பிளாஸ்மலோஜன் என்ற ஒருவகை பாஸ்போலிப்பிடு ஏராளம். அமில ஊடகத்தில் அது டைமெத்தில் அசெட்டாலாகும். முனைவுள்ள பிரிப்புக் குழாயில் (column) 18:0 அசெட்டால் 17:0-க்குப் பக்கத்திலேயே வரும். குடல் பாக்டீரியாவும் கொஞ்சம் 17:0 தரும். 19:0 அல்லது 23:0 பாதுகாப்பானது. அசெட்டால் பீக்குகளைக் கூட்டுத்தொகையில் சேர்த்தோமா இல்லையா என்பதையும் எழுதியே ஆக வேண்டும்.

வெறும் சதவீதம் ஏமாற்றும்: 18:3 ஏறினாலே 20:4 இறங்கியதாகத் தோன்றும். உலர் எடையின் ஒரு கிராமுக்கு எத்தனை மி.கி. என்றும் தர வேண்டும். ஹெக்சேன்–டைஎதில் ஈதர்–அசெட்டிக் அமிலம் (80:20:1) ஓடிய சிலிக்கா தட்டில் நடுநிலைக் கொழுப்பு மேலேறும், பாஸ்போலிப்பிடுகள் புறப்பட்ட இடத்திலேயே தங்கும். அவற்றைத் தனியே சுரண்டி அளந்தால் தீனியின் நிழல் குறையும். அதற்குமேலும் சந்தேகமா? இரு ரகத்தின் தீனியையும் மாற்றிப் போட்டு மறுபடி அளக்கலாம். தீனியோடு சேர்ந்து அளவும் இடம் மாறினால், ரகக் கணக்கில் அதை எழுத முடியாது.