வலையிறவுப் பாலத்தத் தாண்டினதும் இலக்கம் மறந்து போச்சு

வருசக் கடைசி ரிப்போட் எண்டா எங்கட ஒஃபிஸ்ல எல்லாருக்கும் வயித்தக் கலக்கும். அதுல கூடக் கலங்குறது எனக்குத்தான், ஏனெண்டா எல்லாரும் எழுதித் தாறத ஒண்டாக்கி ஒரு வேர்ட் ஃபைலாச் செய்யிறது என்ட வேலை. கல்லடியில சின்ன நிறுவனம், ஆறு வெளிக்கள உத்தியோகத்தர், ஒரு டிரெக்டர் சேர், கணக்குப் பாக்க ஒரு ஐயா, மறுகா நான். மார்கழி மழை கொட்டிக்கிட்டு இரிக்கும், கரண்ட் வரும் போகும், ரிப்போட் மட்டும் திகதிக்குப் போயே ஆகணும்.

மட்டக்களப்பு மாவட்டத்துல 14 பிரதேச செயலகப் பிரிவு. மூண்டாம் அத்தியாயத்துல வடக்க வாகரையில தொடங்கி தெற்க களுவாஞ்சிகுடி வரைக்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைப்பு, 3.1 இலிருந்து 3.14 வரை. 3.8 மண்முனை வடக்கு, அதாவது டவுன். 3.9 மண்முனை மேற்கு, அதாவது டவுனில இருந்து வலையிறவுப் பாலத்தத் தாண்டினா வாற வவுணதீவு. அனுப்புறதுக்கு ரெண்டு நாள் இரிக்கக்குள்ள டிரெக்டர் சேர் பிரின்ட எடுத்துக்கிட்டு வந்து என்ட மேசையில வச்சார்.

"மிஸ், டவுன் வரைக்கும் நல்லாத்தானே வந்திரிக்கு, வலையிறவுப் பாலத்தத் தாண்டினதும் ஏன் திரும்ப ஒண்டுல தொடங்குது?"

பாத்தன். 3.8 மண்முனை வடக்கு, அதுக்குக் கீழ 3.1 மண்முனை மேற்கு. எனக்குச் சிரிப்பும் வந்திச்சு அழுகையும் வந்திச்சு, ஏனெண்டா முதல் நாள் ராவு பத்து மணிக்கு அதக் கண்ணால பாத்துச் சரியாக்கிப்போட்டுத்தான் வீட்ட போனனான்.

ரைட் கிளிக் பண்ணி, மேல இருந்து இலக்கத்தத் தொடரச் சொல்ற கொன்டினியூ நம்பரிங் குடுத்தன். 3.9 வந்திட்டு. சந்தோசமா கீழ போனா நாலாம் அத்தியாயத்துல 4.1 இருந்த இடத்துல 3.15 எண்டு நிக்குது. அதுக்கு, திரும்ப ஒண்டுல தொடங்கச் சொல்ற ரீஸ்டார்ட் குடுத்தா மேல 3.10 போய் வெறும் 1 எண்டு வருது. குளத்துக்கட்டுல ஒரு பக்கம் உடைப்ப அடைக்க மற்றப் பக்கம் உடைக்கிற மாதிரி, நான் மேலயும் கீழயும் ஓடிக்கிட்டே இரிக்கன். இதுல ஒரு மணித்தியாலம் போனதுக்குப் பிறகுதான் கைய எடுத்துப்போட்டு, சரி, முதல்ல என்ன நடந்திரிக்கு எண்டு பாப்பம் எண்டு இருந்தன். அத முதலே செஞ்சிரிக்கணும். வேர்டோட சண்டை பிடிக்கக்குள்ள அந்தப் புத்தி ஒருநாளும் முதல்ல வாறல்ல.

கண்டுபிடிச்ச வழி லேசானது. மவுஸால எழுத்துல கிளிக் பண்ணாம இலக்கத்துலயே ஒருக்கா கிளிக் பண்ணினா அது சாம்பல் நிறமாகும், அதோட ஒரே லிஸ்ட்ல ஒரே லெவல்ல இரிக்கிற மற்ற இலக்கமெல்லாம் சேந்து சாம்பலாகும். 3.1 வாகரையில கிளிக் பண்ணினன். 3.8 வரைக்கும் சாம்பலாச்சு. வவுணதீவு அப்பிடியே வெள்ளையா இரிக்கு. அப்ப விளங்கிச்சு, அது எங்கட குடும்பமே இல்ல, வேற வீட்டுப் புள்ள. வேர்டுக்கு கண்ணுக்குத் தெரியிற வரிசை கணக்கில்ல, எந்த லிஸ்ட்ல பிறந்தது எண்டதுதான் கணக்கு.

இன்னும் நோண்டினன். வவுணதீவு எழுதின தம்பி தன்ட ஃபைல்ல சாதாரண நம்பரிங் பட்டன அமத்தி, இலக்கம் எப்பிடி வரணும் எண்டு கேக்கிற பெட்டிக்குள்ள போய் 1 க்கு முன்னால கையால "3." எண்டு டைப் பண்ணி வச்சிரிக்கார். பாக்க 3.1 மாதிரியே இரிக்கு. ஆனா அந்த 3 வெறும் எழுத்து, அத்தியாயத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் கொப்பி பேஸ்ட் பண்ணக்குள்ள எழுத்தோட சேந்து அந்த லிஸ்டும் வந்திட்டு. அவரக் குறை சொல்லி வேலையில்ல, அவர்ட ஃபைல்ல அது சரியாத்தான் இருந்திரிக்கும். பேஸ்ட் பண்ணினது நான். பேஸ்ட் பண்ணினதும் கீழ வாற சின்னப் பெட்டிய அமத்தி கீப் டெக்ஸ்ட் ஒன்லி குடுத்திருந்தா வெறும் எழுத்துதான் வந்திரிக்கும்.

வந்தாறுமூலையில கம்பஸ் படிக்கிற என்ட தம்பி பிறகு ஒரு நாள் ஒண்டு காட்டித் தந்தான். 2007 வேர்டில இருந்து வாற டொக்எக்ஸ் ஃபைல் உண்மையில ஒரு சிப் ஃபைல்தானாம். கொப்பி ஒண்டு எடுத்து பேர டொட் சிப் எண்டு மாத்தித் திறந்தா, வேர்ட் எண்ட ஃபோல்டருக்குள்ள நம்பரிங் டொட் எக்ஸ்எம்எல் எண்டு ஒண்டு இரிக்கு. ஃபைல்ல இரிக்கிற லிஸ்டெல்லாம் அதுக்குள்ளதான், 3, 3.1, 3.1.1 எண்டு அடுக்கடுக்காப் போற ஒவ்வொரு மல்டிலெவல் லிஸ்டுக்கும் 9 லெவல். பந்தியில இலக்கமே எழுதி இல்ல, "நான் இந்த லிஸ்ட், இந்த லெவல்" எண்டு மட்டும்தான் இரிக்கு, இலக்கத்த வேர்ட் அந்தந்த நேரம் எண்ணிப் போடுது. எங்கட ரிப்போட்டத் திறந்து பாத்தம், வருசா வருசம் போன வருச ஃபைலுக்கு மேலயே எழுதி எழுதி, எத்தினையோ பேர் பேஸ்ட் பண்ணின லிஸ்டெல்லாம் அதுக்குள்ள குமிஞ்சு கிடக்கு, எண்ணவே ஏலாது. "அக்கே, இது ரிப்போட் இல்ல, சந்தை" எண்டான்.

அந்த ரெண்டு நாளுக்குள்ள நான் என்ன செஞ்சன் எண்டா, தலைப்புகள்ல இருந்த இலக்கம் எல்லாத்தையும் கழட்டினன். கையால டைப் பண்ணினதுகள கையால அழிச்சன் (கிளிக் பண்ணினா சாம்பலாகாம உள்ளுக்க கேர்சர் போகுதெண்டா அது கையால போட்டது). மறுகா அத்தியாயத் தலைப்புக்கெல்லாம் வேர்ட்ல இரிக்கிற ஹெடிங் 1 எண்ட தலைப்பு ஸ்டைல், பிரிவுகளுக்கு ஹெடிங் 2, அதுக்குக் கீழ ஹெடிங் 3. பிறகு முதல் அத்தியாயத் தலைப்புல கேர்சர வச்சு, மல்டிலெவல் லிஸ்ட் பட்டன், டிஃபைன் நியூ மல்டிலெவல் லிஸ்ட், அதுல கீழ மூலையில மோர் எண்டு ஒரு பட்டன். முழு விசயமும் அந்த மோருக்குப் பின்னாலதான் ஒளிச்சிரிக்கு, ஏன் அத ஒளிச்சு வச்சாங்களோ தெரியா. அதத் திறந்தா லிங்க் லெவல் டு ஸ்டைல் வரும். லெவல் 1 க்கு ஹெடிங் 1, லெவல் 2 க்கு ஹெடிங் 2, லெவல் 3 க்கு ஹெடிங் 3, எல்லாம் ஒரே இருப்புல அந்த ஒரு பெட்டிக்குள்ளயே. ஒவ்வொரு தலைப்பா வெளிய வந்து வந்து செஞ்சா திரும்பவும் புதுப் புது லிஸ்ட்தான் உண்டாகும், அதுவும் பட்டுத்தான் தெரிஞ்சது. ஓகே குடுத்ததும் 14 பிரிவும் பள்ளிக்கூடப் புள்ளயள் அசெம்ப்ளியில நிக்கிற மாதிரி வரிசையா நிண்டிச்சு. நான் கதிரையில சாஞ்சு அதையே பாத்துக்கிட்டு இருந்தன்.

டிரெக்டர் சேருக்கு அது காணாது. அத்தியாயம் ரோமன் இலக்கத்துல வரணுமாம், அத்தியாயம் III எண்டு, ஆனா கீழ 3.1 எண்டு வரணுமாம். மாத்தினா கீழ III.1 எண்டு வருது. அதுக்கும் அந்த மோருக்குள்ளயே ஒரு சின்ன டிக் இரிக்கு, லீகல் ஸ்டைல் நம்பரிங், லெவல் 2 ல நிண்டு அத டிக் பண்ணினா கீழ சாதாரண இலக்கமாகும். லீகல் எண்ட சொல்லப் பாத்து, அது வக்கீல்மாருக்கு எண்டு நினைச்சு எத்தினை வருசம் தொடாம இருந்தன்.

இதெல்லாம் முடிய ஒரு பகிடி. எங்கட பக்கம் இன்னும் பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட் போகல்ல, பழைய ஆக்கள் பாமினியிலதான் அடிப்பாங்க. ஒவ்வொரு பிரிவுக்கும் கீழ செஞ்ச வேலைகளுக்கு a, b, c எண்டு வரணும், ஆனா பாமினியில அடிச்ச பந்திகள்ல ய) டி) உ) எண்டு வருது. சின்ன ரோமன் போட்ட இடத்துல ஒரு ஐகாரக் கொம்பு, அடுத்ததுல ரெண்டு கொம்பு, அடுத்ததுல மூண்டு. டிரெக்டர் சேர் "இது என்ன மந்திரமா மிஸ்" எண்டு கேட்டார். பாமினியில a எண்ட கீ ய, b எண்டது டி, c எண்டது உ, i எண்டது ஐகாரக் கொம்பு. பந்தி முடியிற இடத்துல கண்ணுக்குத் தெரியாம ஒரு பந்தி அடையாளம் இரிக்கு, கொன்ட்ரோல் ஷிஃப்ட் 8 அடிச்சாத் தெரியும், அதுட ஃபொன்ட்டத்தான் இலக்கம் எடுக்கும். அந்த டிஃபைன் பெட்டிக்குள்ளயே ஃபொன்ட் எண்டு ஒரு பட்டன் இரிக்கு, அதுல இலக்கத்துக்கு மட்டும் டைம்ஸ் நியூ ரோமன் குடுத்தன், மந்திரம் போயிட்டு. அ, ஆ, இ எண்டு போடத்தான் எனக்கு ஆசை, ஆனா என்ட வேர்ட்ல இலக்க வகைக்குள்ள தமிழ் எழுத்து இல்ல. அது ஒரு கவலைதான்.

ரிப்போட் திகதிக்குப் போச்சு. ஆனா உள்ளுக்க "3.9 ஐப் பார்க்க" எண்டு கையால எழுதின இடமெல்லாம் பிழை. நடுவுல ஒரு தலைப்பு கூடினதால கடைசியில 3.9 இருந்த விசயம் 3.10 ஆப் போயிட்டு, நான் கவனிக்கல்ல. அடுத்த வருசம் கெட்டிக்காரியாகி எல்லாத்தையும் தலைப்புட இலக்கத்தத் தானா எடுக்கிற கிரொஸ் ரெஃபரன்ஸாப் போட்டன், கொன்ட்ரோல் ஏ அடிச்சு எஃப்9 அமத்தினா எல்லாம் தானாச் சரியாகும். ஆரோ ஒரு தலைப்ப அழிச்சிரிக்காங்க. பிரின்ட் எடுத்து பைன்ட் பண்ணின கொப்பியில, நடுப் பக்கத்துல, கொழுத்த எழுத்துல "எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நொட் ஃபவுண்ட்" எண்டு நிக்குது. அதக் கண்ட நேரம் வாவிக்குள்ள குதிப்பமா எண்டு இருந்திச்சு. இப்ப எஃப்9 அமத்தின பிறகு எரர் எண்டு ஒருக்காத் தேடிப் பாத்துட்டுத்தான் பிரின்டுக்கு விடுறன்.

மறுகா ஒரு நாள் தலைப்பு இலக்கம் முழுக்கக் கறுப்புப் பெட்டியா வந்திச்சு, பேப்பர்ல ஆக்கள்ட கண்ண மறைச்சு கறுப்புப் பட்டை போடுவாங்களே அது மாதிரி. ஏன் வருது எண்டு இண்டைக்கும் எனக்கு முழுசா விளங்கல்ல. தலைப்புட முதல் எழுத்துக்கு முன்னால கேர்சர வச்சு, இடப்பக்க அம்பு கீய ஒருக்கா அமத்தினா அந்தக் கறுப்பு சாம்பலாகும், அப்ப கொன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ் அடிச்சு ரீஅப்ளை குடுத்தா இலக்கம் திரும்பி வரும். நாலஞ்சு தடவை கை குடுத்திரிக்கு.

கணக்குப் பாக்கிற ஐயாவப் பத்திச் சொல்லாம விட ஏலாது. டைப்ரைட்டர்ல பழகின கை அவருக்கு. அவர்ட டொக்கியுமென்ட் ஒருநாளும் உடைஞ்சதில்ல, உடையிறதுக்கு அதுல ஒண்டுமே இல்ல. இலக்கம் கையால, இடைவெளி ஸ்பேஸ் பார் தட்டித் தட்டி, ஸ்டைல் எண்டா அவருக்கு என்னெண்டே தெரியா. வேர்ட் தானா இலக்கம் போட வந்தா உடன கொன்ட்ரோல் இசட் அடிச்சுத் திருப்பிவிடுவார். நான் மல்டிலெவல் லிஸ்டோட கிடந்து அவதிப்படக்குள்ள, பிளேன்டீயக் கொண்டு வந்து வச்சுப்போட்டு என்ட தோளுக்கு மேலால எட்டிப் பாப்பார்.

"புள்ள, ஒண்டு ரெண்டு மூண்டு எண்ணுறதுக்கு இவ்வளவு பாடா?"

நான் விடல்ல. அவர்ட கொள்வனவு அறிக்கையில ரெண்டாவதுல ஒரு விசயம் புதுசாச் சேக்கச் சொல்லி டிரெக்டர் சேர் சொன்ன அண்டைக்கு, அந்தி வரைக்கும் இருந்து கீழ இருந்த இலக்கம் அவ்வளவையும் ஒண்டொண்டா மாத்தினார். நான் அவருக்கு ஹெடிங் ஸ்டைலப் போட்டு, நடுவுல ஒரு வரி சேத்துக் காட்டினன், கீழ எல்லாம் தானா மாறிச்சு. கண்ணாடியக் கழட்டித் துடைச்சுப்போட்டுத் திரும்பப் பாத்தார். ஒண்டும் சொல்லல்ல.

போன ஆடியில அவர்ட ஊர்க் கோயில் திருவிழா நோட்டீஸக் கொண்டு வந்தார், ஒவ்வொரு நாள் திருவிழாவும் எந்தக் குடிக்கு (குடி எண்டா எங்கட பக்கத்துத் தாய்வழிக் குலம்) எண்டு வரிசை. நான் ஃபைலத் திறந்ததும் மவுஸப் பிடிச்ச என்ட கைய மெல்லத் தள்ளினார்.

"எழுத்துப் பிழைய மட்டும் பாரு புள்ள. இலக்கத்துல கை வச்சிராத. ஒரு நாள் மாறி வந்தாலும் குடிக்குக் குடி சண்டை வந்திரும்."

கிளிக் பண்ணிப் பாத்தன். சாம்பலாகல்ல, எல்லாம் கையால போட்டது. அப்பிடியே விட்டுட்டன்.