வெட்டிவிட்ட மூலைகள்

இங்கிலாந்தில் ஒரு நூலகத்தின் படமெடுப்புப் பிரிவில் நான் சேர்ந்த ஆண்டில் என் மேசைக்கு வந்த இலத்தீன் கையெழுத்துச் சுவடிகளுள் ஒன்று ‘ஒக்குலுஸ் சாச்செர்தோத்திஸ்’. ‘குருவின் கண்’ என்று பொருள்படும் இந்நூலை, விண்ட்சருக்கு அருகே விங்க்ஃபீல்டில் பங்குக் குருவாக, அதாவது ஊர்த் தேவாலயப் பாதிரியாராக, இருந்த வில்லியம் ஆஃப் பகுலா 1320களில் எழுதினார். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அனைவரும் தம் பாவங்களைக் குருவிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215இல் திருச்சபையின் பேரவையான நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தபின், அதைக் கேட்டு உரிய தவம் விதிக்கும் அளவுக்குப் படிப்பில்லாத ஊர்க் குருக்களுக்கு இத்தகைய கைநூல்கள் தேவைப்பட்டன.

அப்போது என் கண்ணில் பட்டதெல்லாம் முதல் பக்கந்தான். பெரிய முதலெழுத்தும், அதிலிருந்து ஓரமெங்கும் படர்ந்த கொடிகளும், மெருகேற்றிய தங்க ரேக்கும்! இருபுறமும் சீராக விளக்கு வைத்து எடுத்தபோது பொன் முழுவதும் திரையில் கறுப்பாக விழுந்தது. மெருகிட்ட பொன் கண்ணாடி மாதிரி, எதிரே இருட்டு இருந்தால் இருட்டைத்தான் காட்டும். வெள்ளை அட்டையைக் கேமராவின் பக்கத்தில் சாய்த்துப் பிடித்து, ஒளி அதில் பட்டுப் பொன்மேல் விழும்படி செய்ய அரைநாள் ஆயிற்று. மீதி ஏடுகளை அவசரமாக முடித்தேன். கறைபடிந்த கீழ் மூலைகள் அசிங்கமாகத் தெரிந்ததால் அவற்றைச் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிட்டேன்.

“அழுக்கை ஏன் வெட்டினீர்கள்?” என்று கேட்டு எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார் மூத்த அலுவலர்.

மறுமுறை எடுக்கும்போதுதான் மூலைகளைப் பார்த்தேன். பொன்னிட்ட பக்கம் ஏறக்குறையத் தொடாதது போலிருந்தது. ‘வலப்பகுதி’ எனப்படும் இரண்டாம் பாகத்தில், பங்கு மக்களுக்கு என்ன போதிக்க வேண்டும் என்று சொல்லும் ஏடுகளிலோ, பெருவிரல் வைத்துப் புரட்டிய இடம் எண்ணெய்ப் பிசுக்கேறிப் பழுப்பாகியிருந்தது. விலங்குத் தோலில் செய்த தோல்தாளில் மயிர் இருந்த பக்கம் இயல்பாகவே மஞ்சளாக இருக்கும் என்பதால் முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் சதையை ஒட்டியிருந்த வெளிறிய மறுபக்கத்திலும் அதே இடத்தில் அதே கறை. குரு வந்து சேருமுன் குழந்தை இறந்துவிடும் என்ற நிலையில் வீட்டாரே திருமுழுக்குக் கொடுக்கும் முறையும், உறக்கத்தில் நசுங்கிவிடக்கூடும் என்பதால் தாய்மார் கைக்குழந்தையைத் தம்முடன் படுக்கவைக்கலாகாது என்ற எச்சரிக்கையும் அப்பாகத்தில்தான் வருகின்றன. அங்கே பொன் இல்லை. மாறிமாறி வரும் சிவப்பு, நீலப் பத்திக் குறிகளும், முக்கியமான இடத்தைச் சுட்ட ஓரத்தில் யாரோ மையால் வரைந்த, சுட்டுவிரல் மட்டும் அளவுக்கு மீறி நீண்ட கையுமே உண்டு.

அந்தக் கைக்கும் அதன் கீழ்மூலைக்கும் தனித்தனியாக ஒரு படம் எடுத்துச் சேர்த்தேன்.