லுண்ட்ல ரெண்டு வருஷம்: டெண்டாவும் சனிக்கிழமை ட்ரெயினும்

ஸ்வீடன்ல அட்மிஷன் கெடச்சிருக்கு, படிச்சுக்கிட்டே ஊர் சுத்த முடியுமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. நான் லுண்ட்ல ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ் பண்ணேன். தாராளமா முடியும். ஆனா மொத செமஸ்டர் ஃபுல்லா நான் ஊரத் தாண்டல, காசில்லாம இல்ல, நம்ம பழக்கம் அப்படி.

காலேஜ்ல நாலு வருஷமும் எக்ஸாமுக்கு மூணு நாள் முன்னாடி நைட் அவுட் போட்டே பாஸான ஆளு நான். இங்க ஒரு நேரத்துல ரெண்டு கோர்ஸ்தான் ஓடும், ஏழெட்டு வாரத்துல முடிஞ்சு எக்ஸாமும் வந்துரும். ரெண்டுதானேன்னு வாரநாள்ல ஓபி அடிச்சுட்டு சனி ஞாயிறு லைப்ரரியே கதின்னு கெடந்து, குரூப் ப்ராஜெக்ட்டுக்கு சனிக்கிழமை ராத்திரி மெசேஜ் தட்டுவேன், ஒருத்தனும் பதில் போடமாட்டான், திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு "ஹாய், பாத்தேன்"னு கூலா வரும். அப்படி ஒரு கடுப்பு எனக்கு. அப்புறம்தான் கவனிச்சேன், அவங்க வாரநாள்ல ஆபீஸ் போற மாதிரி காலைலயே வந்து உக்காந்துடுறாங்க, நடுவுல ஃபீகான்னு காபியும் இலவங்கப்பட்டை பன்னும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்ப மூடுனா மூடுனதுதான். ரெண்டாவது செமஸ்டர்ல நானும் அதையே பண்ணேன். வீக்கெண்ட் எனக்குன்னு வந்தது அப்பதான்.

டெண்டா பத்தி சொல்லிடறேன், எக்ஸாம அங்க அப்படித்தான் சொல்வாங்க. எனக்கு பெரும்பாலும் அஞ்சு மணி நேரம், காலைல எட்டுலருந்து ஒண்ணு. பேப்பர்ல பேரு எழுதக்கூடாது, கோட் நம்பர் மட்டும். மொத டெண்டால நான் வியர்த்து விறுவிறுத்து எழுதிட்டிருக்கேன், பக்கத்து டேபிள் பொண்ணு ஃபிளாஸ்க்கத் திறந்து காபி ஊத்தி, சாண்ட்விச் பிரிச்சு, கேரட்ட நறுக் நறுக்குன்னு கடிக்குது, சூப்பர்வைசர் கண்டுக்கவே இல்ல. அடுத்த தடவை நானும் வாழைப்பழத்தோட போனேன். ஃபெயிலானா ஓம்டெண்டா எழுதிக்கலாம், ஃபீஸ் கிடையாது, அரியர்னு யாரும் ஒரு மாதிரி பாக்கவும் மாட்டாங்க. இன்னொண்ணு, டைம்டேபிள்ல 10ன்னு போட்டிருந்தா கிளாஸ் 10.15க்குத்தான், நான் மொத வாரம் பூரா காலி ரூம்ல தனியா உக்காந்திருந்தேன்.

லுண்ட்லருந்து மால்மோ ட்ரெயின்ல கால் மணி நேரம்கூட ஆகாது, அதே ட்ரெயின் அப்படியே எரெசுண்ட் பாலம் ஏறி டென்மார்க்ல இருக்குற கோபன்ஹேகன் போயிடும். கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர் பாலம், அப்புறம் ஒரு செயற்கைத் தீவு, அங்கருந்து கடலுக்கு அடில நாலு கிலோமீட்டர் டன்னல். சும்மா போயிட்டு வர்றதுதானேன்னு ஒரு தடவை பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டும் ரூம்லயே வெச்சுட்டுப் போயிட்டேன். திரும்பி வரும்போது பாலம் தாண்டி மொத ஸ்டேஷன் ஹில்லியேல செக்கிங். ஃபோன்ல இருந்த போட்டோவ காட்டிக்கிட்டு அரை மணி நேரம் பிளாட்ஃபார்ம்ல நின்னேன். அந்தப் பக்கம் வேற நாடுங்கறத மறந்துறாதீங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வென் தீவு. லண்ட்ஸ்க்ரூனால போட் ஏறுனா அரை மணி நேரம், அங்க மஞ்சள் சைக்கிள் வாடகைக்கு கெடைக்கும். ஹார்பர்லருந்து மேட்டுல மிதிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்கிடும், மேல ஏறிட்டா சுத்தி வயலும் கடலும்தான். 1576ல டென்மார்க் ராஜா இந்தத் தீவ டீகோ பிராஹேக்கு குடுத்தாரு, டெலஸ்கோப்பே இல்லாத காலத்துல வெறும் கண்ணால நட்சத்திரத்த அளந்த மனுஷன். அவரு அங்க கட்டுன மாளிகைய பின்னாடி இடிச்சுட்டாங்க, தோட்டத்த மட்டும் திரும்ப போட்டு வெச்சிருக்காங்க. அங்கதான் கட்டிட்டுப் போன புளிசாதத்தப் பிரிச்சோம். செப்டம்பருக்குள்ள போயிடுங்க. டிசம்பர்ல மூணரைக்கே சூரியன் போயிடும், அப்ப ரூம்லயே அடைஞ்சு கெடந்தா மனசு ஒரு மாதிரி ஆயிடும், மால்மோல காய்கறி வாங்கவாவது வெளிய கெளம்புங்க.

நார்தர்ன் லைட்ஸ், அதான் ராத்திரி வானத்துல ஆடுற பச்சை வெளிச்சம், அதப் பாக்க ஸ்வீடன் வடகோடில இருக்குற அபிஸ்கோவுக்குப் போவாங்க. அத வீக்கெண்ட்ல முடிச்சுடலாம்னு நெனைக்காதீங்க, ஸ்டாக்ஹோம்லருந்தே நைட் ட்ரெயின்ல 17, 18 மணி நேரம் இழுக்கும். ஜனவரி டெண்டா முடிஞ்ச கேப்ல அஞ்சு நாளா போங்க. ஹாஸ்டல்ல பெட்ஷீட்டுக்கு தனியா காசு கேப்பாங்க, வீட்லருந்தே எடுத்துட்டுப் போயிடுங்க. நாங்க போனப்ப மொத ராத்திரி ஃபுல்லா மேகம். ரெண்டாவது ராத்திரி மைனஸ் இருபதுல நின்னுட்டிருக்கோம், வானத்துல சாம்பல் கலர்ல ஒரு கோடு, மேகம்னு நெனச்சு உள்ள போகத் திரும்பிட்டேன். கூட வந்தவன் கேமராவ காட்டுனான், அதுல பச்சைப் பசேல்னு இருக்கு. வெளிச்சம் கம்மியா இருந்தா நம்ம கண்ணுக்கு கலர் தெரியாதாம். அஞ்சு நிமிஷத்துல கண்ணுக்கே பச்சையா ஆடுச்சு, நான் ஃபோன எடுத்தேன், குளிர்ல சார்ஜ் 40ல இருந்தது அப்படியே ஆஃப். உள் பாக்கெட்ல, உடம்போட ஒட்டி வைங்க.