மெடிக்கல் இருக்கிறதா?

பிந்தி வந்த ஒப்படைக்குப் புள்ளி குறைப்பதில் எனக்குப் பெரிய மனக்கஷ்டம் இருந்ததில்லை. குறைப்பது நானும் இல்லை. இறுதித் திகதி தாண்டிய கோப்பு, ஒப்படைகளைப் பதிவேற்றும் மூடில் (Moodle) இணையத்தளத்தில் சிவப்பாக நிற்கும். எத்தனை நாள், எத்தனை மணித்தியாலம் தாமதம் என்று அதுவே எழுதிக் காட்டும். நாங்கள் நடத்துவது பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டப்படிப்பு, ஆகவே விதியும் அவர்களுடையது. சில நாட்கள் பிந்தினால் அதிகபட்சம் 40, அதற்கும் பிந்தினால் பூச்சியம். நான் எழுத்தைப் பார்த்துப் புள்ளியிடுவேன், மீதியை அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.

அப்படியிருக்க, அந்த ஏப்ரல் விடயம் மட்டும் ஏன் இன்னும் அரிக்கிறது என்று எனக்கே சரியாக விளங்கவில்லை.

அவன் வார இறுதி வகுப்பு மாணவன். ஊர் ஹட்டன் பக்கம். கொட்டாஞ்சேனையில் போர்டிங், கிழமை நாட்களில் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை. சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று கொழும்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒப்படையை இரண்டு நாள் பிந்திப் பதிவேற்றியிருந்தான். வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நின்று, சுற்றி வளைக்காமல் காரணத்தைச் சொன்னான். கடை பூட்ட இரவு பதினொரு மணியாகிறது, பிறகு துணி அடுக்க வேண்டும், எழுதி முடிக்க முடியவில்லை.

"மெடிக்கல் ஏதாவது இருக்கிறதா, தம்பி?" என்று கேட்டேன், மருத்துவச் சான்றிதழைத்தான்.

"இல்லை, சேர். எனக்குச் சுகமில்லாமல் போகவில்லையே." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எடுத்துவரச் சொல்கிறீர்களா, சேர்?" என்றான்.

"நான் அப்படிச் சொல்லவில்லை."

"சரி, சேர்."

நடந்தது இவ்வளவுதான். அவன் கோபப்படவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

நான் கேட்டதில் பிழையில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விசேட காரணப் படிவத்தின் முதல் கட்டமே நோயைப் பற்றியதுதான். யார் வந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பேன், பக்கத்து அறையில் இருப்பவரும் அதைத்தான் கேட்பார். ஆனால் இந்த நாட்டில் மெடிக்கல் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒவ்வொரு தவணையும் என் மேசைக்கு வருபவற்றைப் பார்க்கிறேனே. வைரஸ் காய்ச்சல், மூன்று நாள் ஓய்வு. அதே சாய்ந்த கையெழுத்து, அதே ஊதா முத்திரை, அதில் மருத்துவ சபைப் பதிவு இலக்கம் ஒழுங்காக இருக்கும். முத்திரை இருந்தால் நான் ஏற்றுக்கொள்ள வேண்டும். காய்ச்சலைத் தொட்டுப் பார்ப்பது என் வேலை இல்லை. அந்தத் தவணையிலும் அப்படி இரண்டு மூன்றை ஏற்றுக்கொண்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையாகவே காய்ச்சல் இருந்திருக்கலாம். ஏப்ரலில் கொழும்பில் காய்ச்சல் வருவது அதிசயமா என்ன?

அவன் கேட்டதை இரண்டு விதமாகவும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அனுமதி கேட்டான் என்று வைத்துக்கொண்டால், வாசல் வரை வந்த பிள்ளையை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். குத்திக் காட்டினான் என்று வைத்துக்கொண்டால், அதற்குரிய பதிலை நான் சொல்லவில்லை. மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: உண்மையாகவே விளங்காமல் கேட்டிருக்கலாம். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு, ஒரு விரிவுரையாளர் பொய்க் கடிதம் கேட்கிறாரா மெய்க் கடிதம் கேட்கிறாரா என்று எப்படித் தெரியும்? என் குரலில் எது இருந்தது என்று எனக்கே நிச்சயமில்லை.

அடுத்த வாரம் படிக்கட்டில் கண்டபோது, கடையிலிருந்து ஒரு கடிதம் வாங்க முடியுமா என்று விசாரித்தேன். சிரித்துவிட்டான். "கடிதம் தந்தால் நான் அங்கே வேலை செய்கிறேன் என்று ஆகிவிடுமே, சேர்." உண்மைதான். வேலை செய்வதாக எழுத்தில் வந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி சம்பளத்தின் 12 சதவீதத்தைக் கட்ட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3. ஒரு மாணவனின் ஒப்படைக்காக எந்த முதலாளி அந்த வம்பை விலைக்கு வாங்குவார்? கடிதம் கிடைத்திருந்தாலும் பயனில்லை என்பது வேறு விடயம். வேலைப் பளு ஒரு காரணமாகாது என்று விதியில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஒப்படையை நான் வாசித்திருக்காவிட்டால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். நான் படிப்பிப்பது மனிதவள முகாமைத்துவம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதே தலைப்பு. நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்று எல்லோரும் சட்டத்தை ஒப்புவித்திருந்தார்கள். இவன் ஒரு கடையின் வருகைப் பதிவேட்டைப் பற்றி எழுதியிருந்தான். சீசன் காலத்தில் வீட்டுக்குப் போகும் நேரத்தையும் காலையில் வரும்போதே எழுதிவிட வேண்டுமாம், எல்லோருக்கும் ஒரே நேரம். பதிவேட்டில் பெயரே இல்லாதவர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை என்று அடுத்த வரி. ஆங்கிலம் அங்கங்கே தடுக்கியது, மேற்கோள்கள் போதாது. 68 போட்டேன். அலுவலகத்திலிருந்து திரும்பி வந்த பட்டியலில் 40 இருந்தது.

இதே விதி 2022இல் எங்கே போயிருந்தது என்றும் யோசிக்கிறேன். அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஏ, பி, சி என்று வலயம் பிரித்து அட்டவணை வந்தது. பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு மடிகணினிக்கு எப்போது சார்ஜ் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டார்கள். நாங்கள் யாரிடமும் சான்று கேட்கவில்லை. எல்லா இறுதித் திகதிகளையும் ஒரே மின்னஞ்சலில் தள்ளிப் போட்டோம். பிரித்தானியாவில் இருந்தவர்களும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். நாடே இருட்டில் கிடந்தபோது இரக்கப்படுவது சுலபமாக இருந்தது. ஒருவனுக்கு மட்டும் இருட்டு என்றால் அதற்கு முத்திரை வேண்டியிருக்கிறது.

இப்படி எழுதும்போது நியாயம் முழுவதும் அவன் பக்கம் இருப்பதுபோல் தோன்றுகிறது. அப்படியும் இல்லை. அதே வகுப்பில் நீர்கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் இருக்கிறார், கைக்குழந்தைக்காரி. அவருடைய ஒப்படை இறுதித் திகதியன்று இரவு பதினொன்றரை மணிக்கு வந்தது. பாதியைத் தொலைபேசியில் தட்டச்சு செய்ததாகப் பிறகு சொன்னார். அவசரத்தில் முடிவுரை இரண்டே வரிதான். 55 கிடைத்தது. இவனுக்கு நான் கதவைத் திறந்துவிட்டிருந்தால் அவர் என்னிடம் என்ன கேட்டிருப்பார்? இன்னும் இரண்டு நாள் கிடைத்திருந்தால் அவரும் 68க்கு எழுதியிருக்க மாட்டாரா? விதி குருடாக இருப்பது அவரைப் போன்றவர்களுக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். ஆனால் மெடிக்கல்களை ஏற்றுக்கொள்ளும்போது எனக்கு அந்தப் பெண்ணின் நினைவே வந்ததில்லை.

திகதியையே மாற்றலாம் என்று பாடக் கூட்டத்தில் சொன்னேன், புத்தாண்டு முடிந்து ஒரு வாரம் தள்ளி. ஈஸ்டர் விடுமுறையை வைத்து அங்கே நாட்காட்டி ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்று பதில் வந்தது. இறுதித் திகதிக்கு முன்பே கேட்டால் சில நாள் அவகாசம் தர எனக்கு அதிகாரம் இருக்கிறது. அதை இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். வந்து கேட்பவர்கள் பெரும்பாலும் ஏதாவது கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர்களே.

அவன் கேட்கவில்லை. அடுத்த தவணையும் என் வகுப்பில் இருந்தான். ஒப்படை நேரத்துக்கு முன்பே வந்தது. பதிவேடு மாதிரி எதுவும் அதில் இல்லை. எல்லோரையும் போலச் சட்டத்தையும் பாடநூலையும் ஒப்புவித்திருந்தான். 52 போட்டேன். பட்டியல் திரும்பி வந்தபோதும் 52தான். பின்னூட்டத்தில் வழக்கம்போல் "இன்னும் சற்று நேரம் எடுத்து எழுதியிருக்கலாம்" என்று தட்டச்சு செய்துவிட்டேன். பிறகு அதை அழித்துவிட்டு, மேற்கோள் காட்டும் முறையைப் பற்றி இரண்டு வரி எழுதி அனுப்பினேன்.