பிறந்தநாள் சோடனை: திருகோணமலை வெயிலுக்கும் காற்றுக்கும் தாக்குப்பிடிக்கிற மாதிரி

சாமான் வாங்கக் கடைக்குப் போக முதல், பார்ட்டி நடக்கப்போகிற அதே நேரத்தில், பின்னேரம் நாலு மணி என்றால் நாலு மணிக்கே, ஹோலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். வெயில் எந்த யன்னலால் விழுகிறது, காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, ஃபேனைப் போட்டால் எதெல்லாம் ஆடுகிறது என்று கவனியுங்கள். திருகோணமலை வீடுகளில் சோடனை சரிந்து விழுவதற்கும் பலூன் வெடிப்பதற்கும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். இங்கே மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அனலாக அடிக்கும். பகலில் 34, 35 பாகை சாதாரணம். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் மாரி. சுவர் ஈரம் இழுத்திருக்கும். வெயில் காலத்தில் பலூனைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். மாரியில் பலூன் நன்றாக நிற்கும், கடதாசியும் ஒட்டுகிற ரேப்பும்தான் கைவிடும்.

ஒரே ஒரு சுவரைத் தெரிவுசெய்யுங்கள். ஏழடி அகலம் போதும். நாலு சுவரிலும் அங்கொன்று இங்கொன்றாகக் கட்டிய பலூனை விட, ஒரு சுவர் நிறைவாக இருந்தால்தான் வீடே சோடித்த மாதிரி இருக்கும். யன்னல் உள்ள சுவர் வேண்டாம். பிள்ளைக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் படத்தில் முகம் கறுத்துப்போகும். யன்னல் பக்கவாட்டில் வருகிற சுவர்தான் நல்லது.

உயரம் விஷயத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஏறக்குறைய மூன்றரை அடி. சோடிக்கிற பெரியவர்கள் தங்கள் கண்மட்டத்துக்குப் பெயரையும் பலூனையும் ஒட்டிவிடுவார்கள். பிறகு படம் பார்த்தால் பிள்ளைக்குப் பின்னால் வெறுஞ்சுவர், பெயர் பாதி வெட்டுப்பட்டு மேலே போயிருக்கும். பெயரின் கீழ்விளிம்பு பிள்ளையின் தலைக்கு ஒரு சாண் மேலே வந்தால் போதும். சாப்பாட்டு மேசை இரண்டரை அடி உயரம். மூன்று வயதுப் பிள்ளை அதற்குப் பின்னால் நின்றால் தலை மட்டும்தான் தெரியும். ஹோல் நடுவில் கிடக்கிற தாழ்ந்த ரீப்போவை எடுத்து, அதன் மேல் கேக்கை வையுங்கள்.

அடுத்தது பின்திரை. சுவரைக் கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். உள்ளங்கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது பழைய டிஸ்டெம்பர். எந்த ரேப்பும் அதில் நிற்காது, ஏனென்றால் ரேப் சுவரைப் பிடிப்பதில்லை, தூளைத்தான் பிடிக்கிறது. அப்படியான வீட்டில் சுவரைத் தொடாமல் ஒரு சட்டம் நிறுத்துவதே வழி. 1¼ அங்குல பிவிசி பைப்பில் ஏழடித் துண்டு மூன்று, எல்போ இரண்டு, பத்து லீற்றர் பெயின்ற் வாளி இரண்டு. வாளிகளில் மணல் நிரப்பி இரண்டு பைப்பை நடுவில் ஊன்றி, மூன்றாவதை எல்போவால் மேலே குறுக்குக் கம்பியாகப் பூட்டுங்கள். பத்து லீற்றர் உலர்ந்த மணல் ஏறக்குறைய 16 கிலோ வரும். பிள்ளைகள் முட்டினாலும் எளிதில் சரியாது. எல்போவுக்குப் பசை போடாதீர்கள், இறுக்கிச் செருகினாலே போதும், அடுத்த வருஷமும் உதவும்.

திரைக்கென்று துணி வாங்கத் தேவையில்லை. ஒரே நிறத்துப் பருத்திச் சேலை மூன்று எடுத்தால் போதும். சேலை ஐந்தரை மீற்றர் நீளம்; நடுவில் மடித்துக் கம்பியில் போட்டால் முன்னாலும் பின்னாலும் 2.75 மீற்றர் தொங்கும். கம்பி ஏழடியில், அதாவது 2.1 மீற்றரில் நிற்பதால் அரை மீற்றருக்கு மேல் தரையில் கிடக்கும். அதை அப்படியே விட்டால் பிள்ளைகளின் காலில் தடக்கும். உள்பக்கமாக மடித்து ஊசி குத்துங்கள். அந்த மடிப்பின் பாரமே ஃபேன் காற்றில் துணி பறக்காமல் பிடிக்கும். மூன்று சேலையின் அகலம் சேர்ந்து மூன்று மீற்றருக்கு மேல் வருவதால் ஏழடிக் கம்பியில் கொசுவம் நன்றாக விழும். ஷிஃபான் வேண்டாம், மூச்சுக்கே பறக்கும். பளபளப்பான சற்றினும் வேண்டாம், ஃப்ளாஷ் வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கும்.

சுவருக்கு எமல்ஷன் அடித்திருந்தால் ரேப் பாவிக்கலாம். ஆனால் இரட்டைப்பக்க ரேப்பை நேரே சுவரில் ஒட்டினால் கழற்றும்போது பெயின்ற்றும் சேர்ந்து வரும். முதலில் உலர்ந்த துணியால் துடைத்து, மாஸ்கிங் ரேப்பை ஒட்டி, அதன் மேல் இரட்டைப்பக்க ரேப்பை ஒட்டுங்கள். மாரி காலத்தில் கடலோர வீட்டுச் சுவர் தொட்டாலே பிசுபிசுக்கும். அந்த நாட்களில் ஒட்டுகிற இடத்துக்கு நேரே ஒரு மணித்தியாலம் ஃபேனை விட்ட பிறகு ஒட்டுவது நல்லது.

இனிப் பலூன். ஏழடிச் சட்டத்தின் மேல்பக்கத்தில் ஓடி ஒரு பக்கத்தால் பாதிவரை இறங்குகிற மாலைக்கு ஏறக்குறைய பத்தடி நீளம் வேண்டும். பத்து அங்குலப் பலூன் 70, ஐந்து அங்குலம் 40, பெரிதாகத் தெரிய பன்னிரண்டு அங்குலத்தில் எட்டுப் பத்து. அதற்கு மேல் குறைந்தது இருபது பலூன் கையிருப்பு வைத்திருங்கள். நிறம் மூன்றுக்கு மேல் போகாதீர்கள்.

பக்கெற்றில் பத்து அங்குலம் என்று போட்டிருப்பது ஊதக்கூடிய உச்ச அளவு. அதுவரை ஊதினால் ரப்பர் இனி இழுபட இடமில்லாமல் நிற்கும். இரவு 26 பாகையில் ஊதிய காற்று மறுநாள் 34 பாகையில் நூற்றுக்கு மூன்று அளவுதான் விரியும். ஆனால் உச்சத்தில் நிற்கிற ரப்பருக்கு அந்த மூன்றும் அதிகம். வெயில் நேரே பட்டால் சூடு இன்னும் ஏறும். கடும் நீலம், கறுப்பு, சிவப்பு எல்லாம் வெள்ளையை விட முதலில் வெடிப்பது அதனால்தான். எனவே பத்து அங்குலப் பலூனை எட்டு அல்லது எட்டரை அங்குலத்துக்கு மேல் ஊத வேண்டாம். கண்ணால் மட்டும் மதிப்பிடாமல் ஒரு காட்போட் பெட்டியில் எட்டரை அங்குல வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். பலூனைக் கொஞ்சம் கூடுதலாக ஊதி, அந்த ஓட்டைக்குள் உரசிக்கொண்டு போகும்வரை காற்றை இறக்குங்கள். சரியான பலூன் பந்து மாதிரி உருண்டையாக, கழுத்து மெத்தென்று இருக்கும். கழுத்துப் பக்கம் நீண்டு ஜம்புக்காய் வடிவம் எடுத்தால் காற்று கூடிவிட்டது என்று அர்த்தம்.

வாயால் ஊதாதீர்கள். கைப்பம்பு இரண்டு இருந்தால் இரண்டு பேர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருந்து முடித்துவிடலாம். ஐந்து அங்குலச் சின்னப் பலூன்களை மட்டும் காலையில் ஊதுங்கள். அவை ஒரே இரவில் கண்ணுக்குத் தெரியச் சுருங்கும்.

கட்டும் முறை இது. இரண்டு பலூனின் கழுத்துகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுச் சோடியாக்குங்கள். இரண்டு சோடியைக் குறுக்கே வைத்து நடுவில் ஒருமுறை முறுக்கினால் நாலு பலூன் கொத்து. இந்தக் கொத்தைக் கோர்க்க ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் பட்டி விற்கிறார்கள், ஆனால் எங்கள் ஊரில் அதை விட நல்ல சாமான் மீன்பிடிச் சாமான் கடையில் இருக்கிறது: தங்கூசி, அதாவது தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் நூல். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ளது எடுத்தால் பாரம் தாங்கும், படத்திலும் தெரியாது. அதன் ஒரு நுனியை யன்னல் கம்பியில் கட்டி இழுத்துப் பிடித்து, கொத்தின் நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றி, முந்தின கொத்தோடு நெருக்கித் தள்ளுங்கள். ஒவ்வொரு கொத்தையும் கொஞ்சம் திருப்பி வைத்தால் முந்தின கொத்தின் இடுக்கில் இந்தப் பலூன் போய் உட்காரும். நூல் வெளியே தெரிந்தால் நெருக்கம் போதவில்லை.

நாலு கொத்துக்கு ஒரு முடிச்சுப் போடுவதை மறக்க வேண்டாம். முடிச்சில்லாமல் ஒரே ஓட்டமாகச் சுற்றினால் நடுவில் ஒரு பலூன் வெடித்ததும் முழு மாலையும் தொய்ந்து இடைவெளி விழும். மாலையை இரண்டு நுனியில் மட்டும் தொங்கவிட்டால் காற்றுக்குச் சுழலும். நடுவிலும் ஓரிரு இடத்தில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். சின்னப் பலூன்களைப் பசைப்புள்ளியால் ஒட்டச் சொல்வார்கள். இந்தச் சூட்டுக்கு அந்தப் பசை இளகி ஒவ்வொன்றாக உதிரும். அவற்றையும் சோடியாகக் கட்டி இடுக்குகளில் சுற்றிவிடுவதுதான் நிற்கும்.

காரணமே இல்லாமல் பலூன் வெடிக்கிறது என்று நினைத்தால் கைகளைப் பாருங்கள். தோடம்பழத் தோல், தேசிக்காய்த் தோல் இரண்டிலும் உள்ள எண்ணெய் ரப்பரைக் கரைக்கும். குசினியில் தேசிக்காய் பிழிந்த கையோடு வந்து மாலையைத் தூக்கிப் பிடித்தால் படபடவென்று போகும். தேங்காய் எண்ணெய்க் கையும் ரப்பரை இளக்கும். சீற் கூரைக்குக் கீழே, சீலிங் இல்லாத ஹோலில் மேலே காற்று கொதிக்கும், அங்கே தொங்கவிட வேண்டாம். விறாந்தையில் வெயில் படக் கட்டிய பலூன் வெடிக்காவிட்டாலும், கொஞ்ச நேரத்தில் மேல்தோல் மங்கி வெல்வெற் மாதிரி ஆகிவிடும். வாசல் பலூனைக் கடைசி அரை மணித்தியாலத்தில் கட்டுங்கள்.

ஹீலியம் தேவையில்லை என்றே சொல்வேன். சாதாரண ரப்பர் பலூனில் ஹீலியம் அரை நாள் தாண்டுவது கஷ்டம். வயது எண் போட்ட ஃபொயில் பலூனுக்குச் சாதாரணக் காற்றை உறிஞ்சுகுழாயால் ஊதி, தங்கூசியில் தொங்கவிட்டால் மிதக்கிற மாதிரியே இருக்கும். தையல் ஓரத்தில் சின்னச் சுருக்கம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். ஃபொயில் மின்சாரம் கடத்தும், முற்றத்தில் மின்கம்பி ஓடினால் வெளியே கொண்டுபோகவே வேண்டாம்.

பெயரை ரெஜிபோமில், அதாவது சாமான் பெட்டிகளுக்குள் வருகிற வெள்ளை நுரைத் தாளில், வெட்டுவது மலிவு, அழகு. ஓர் அங்குலத் தடிப்புள்ள தாளில் எட்டு அங்குல உயர எழுத்து. தமிழ் எழுத்தில் கவனிக்க வேண்டியது புள்ளி. ‘கவின்’ என்று வெட்டினால் ன் மேலுள்ள புள்ளி தனியாக நிற்கும். இரண்டு அங்குல ஈர்க்குத் துண்டை எழுத்தின் தலையில் குத்தி, அதில் புள்ளியைச் செருகுங்கள், விழாது. நிறம் தண்ணீர்ப் பெயின்ற் மட்டும். ஸ்ப்ரே பெயின்ற் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமை அரித்து எழுத்தே குழிகுழியாகப் போய்விடும். ஒட்டுவதற்கு பைன்டர் கம். இரவே ஒட்டி வையுங்கள், காய நேரம் எடுக்கும்.

ரிசு பேப்பர்ப் பூ: எட்டுத் தாளை அடுக்கி ஒன்றரை அங்குல மடிப்பாக விசிறி போல மடித்து, நடுவில் கம்பியால் கட்டி, நுனிகளை வட்டமாக வெட்டி ஒவ்வொரு தாளாக மேலே இழுக்க வேண்டும். கிறேப் பேப்பரை மாரி காலத்தில் தவிர்த்துவிடுங்கள். ஈரக் காற்றில் இழுபட்டுத் தொய்யும், நனைந்தால் சாயம் இறங்கிச் சுவரையும் சட்டையையும் கறையாக்கும்.

வாசலுக்குக் குருத்தோலைத் தோரணம் போல வேறொன்றும் வராது. முந்தின நாள் பின்னேரம் பின்னி, தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் அடுத்த நாள் முழுக்க நிற்கும். மங்கலத் தோரணத்தின் பின்னலும் துக்க வீட்டுப் பின்னலும் வேறு. தெரியாமல் பின்னினால் வாசலிலேயே யாராவது முகம் சுளிப்பார்கள். பின்னி முடித்ததும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

கேக்குக்கும் பின்திரைக்கும் இடையில் குறைந்தது இரண்டடி விடுங்கள். மெழுகுதிரி கொளுத்த ஃபேனை நிற்பாட்டி, ஊதி முடிந்த பிறகு போடுங்கள். ஸ்னோ ஸ்ப்ரேயை மெழுகுதிரி எரியும்போது அடிக்கவே கூடாது. பல ஸ்ப்ரேக்களில் உள்ள வாயு தீப்பற்றும்; பிள்ளையின் முகம்தான் அதற்கு மிகக் கிட்ட இருக்கிறது. பட்டர் ஐசிங் இந்தச் சூட்டில் இளகும், அதனால் கேக்கைக் கடைசிக் கால் மணித்தியாலத்தில் கொண்டுவந்தால் போதும். எறும்புக்கு மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழைய முறைதான். நிறலைற் போடுவதென்றால் பற்றரியில் எரிகிற எல்ஈடி மாலை வாங்குங்கள்; கரண்ட் போனாலும் எரியும், பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில் வயரும் ஓடாது.

வெடித்த பலூன் துண்டை வெடித்த உடனே பொறுக்க வேண்டும். தவழ்கிற பிள்ளை வாயில் வைத்தால் தொண்டையில் ஒட்டி மூச்சை அடைக்கும். எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. இந்த வேலைக்கென்று ஒரு பெரியவரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மாஸ்கிங் ரேப்பை மறுநாள் வரை விடாமல் அன்றிரவே, சுவரோடு சேர்த்துச் சாய்வாக மெதுவாக உரியுங்கள். பலூன்களைக் கழுத்துக்குக் கிட்ட வெட்டினால் சத்தமில்லாமல் காற்று இறங்கும். ரப்பரையும் தங்கூசியையும் வாசலில் திறந்த பையில் வைக்க வேண்டாம். கோட்டைப் பக்கத்து மான்கள் நகருக்குள் வந்து குப்பையைக் கிளறித் தின்பதை எல்லோரும் பார்க்கிறோம், மாடுகளும் அப்படித்தான். தங்கூசியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டு இறுகக் கட்டி, குப்பை வண்டி வருகிற நாள் வரை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.